மேசைக் கணினியும் முப்பது விசைகளும்

முன்னுரை

வீட்டிற்குப் புதுப் பொருள் ஒன்று வந்தால் அதனை உற்றார்க்கும் நண்பர்க்கும் காட்டி மகிழ்வது மக்கள் இயல்பு. முன்னாளில் வானொலிப் பெட்டியும் தையற்பொறியும் பூவேலை செய்த துணி போர்த்தி முன்னறையில் வைக்கப்பெற்றன. இன்று அவ்விடத்தை மேசைக் கணினி பெற்றுள்ளது. அகன்ற திரை, வண்ண விளக்கெரியும் விசைப்பலகை, கம்பியில்லாச் சுட்டி, ஒலிபெருக்கி ஆகியவற்றை அழகுற அடுக்கிப் படம்பிடித்து ஒருவர்க்கொருவர் காட்டும் வழக்கம் மாணவரிடையே பரவியுள்ளது. பெங்களூரின் எஸ்.பி. சாலைக்கும் சென்னையின் ரிச்சி தெருவுக்கும் சென்று, பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிவந்து தாமே பூட்டிக்கொள்வோரும் உளர். இம்மகிழ்ச்சி குறைகூறத் தக்கதன்று. ஆயினும் அம்மேசையில் தமிழுக்குரிய இடம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேசைக்கு வேண்டுவன

கணினி மேசைக்கு இன்றியமையாதன சிலவே. திரை, அமர்வார்க்கு ஒரு கை நீளத் தொலைவில் இருத்தல் வேண்டும். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ அமைவது கழுத்துக்கு நலம். சன்னல் ஒளி திரைக்கு நேரே விழாமல் பக்கவாட்டில் வருமாறு மேசையை இடுதல் நன்று. தட்டச்சு செய்யும்போது முழங்கை ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கி, மணிக்கட்டு நேராக இருத்தல் வேண்டும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள பொருளை இருபது நொடி நோக்குவது கண்ணுக்கு ஓய்வு தரும்.

மின்னழுத்தம் ஏறியிறங்கும் சிற்றூர்களில் யூ.பி.எஸ். கருவி ஆடம்பரமன்று, மின்சாரம் நின்றபின்னும் சில நிமிடம் கணினியை இயக்கி, எழுதியதைச் சேமிக்க அது இடந்தருகிறது. மூன்றுமுனைச் செருகியும் முறையான எர்த் இணைப்பும் உயிர்க்காப்பு ஆகும். எனவே நாற்காலி, மின்காப்பு, விசைப்பலகை ஆகியவற்றுக்குச் செலவிட்ட பின்னரே வண்ண விளக்குகளுக்குப் பொருள் ஒதுக்குதல் அறிவுடைமை.

விசைப்பலகை வந்த வழி

நாம் காணும் ஆங்கில விசை அடுக்கு, 1870களில் அமெரிக்கரான ஷோல்ஸ் என்பாரின் தட்டச்சுப்பொறி வழியாக வந்ததாகும். 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியும் அவ்வடுக்கையே பின்பற்றியது. தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு நிலையான வடிவம் தந்த முன்னோடி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையா ஆவார். அப்பொறியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் அடிக்கப்பெறும். 'கெ' என அடிக்க முதலில் கொம்பும் பின்னர்க் ககரமும் வரும்.

கணினி வந்தபின், 1990களில் ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தத்தமக்கெனக் குறியீட்டு முறை வகுத்துக்கொண்டனர். ஒரு கணினியில் எழுதிய கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இந்நிலையில் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை உருப்பெற்று, அவ்வாண்டே தமிழ்நாட்டரசின் ஏற்பினைப் பெற்றது. எழுத்துக் குறியீட்டைப் பொறுத்தவரை, 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது.

விசைப்பலகையில் இலக்கணம்

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. ஆகத் தமிழெழுத்து 247. இத்தனைக்கும் தனித்தனி விசை வைத்தல் இயலாது. வைக்கவும் வேண்டா என்று நம் இலக்கணமே வழிகாட்டுகிறது. முதலெழுத்து முப்பதே; ஏனையவை அவற்றைச் சார்ந்து பிறப்பன. தமிழ் 99 இந்நெறியிலேயே அமைந்துள்ளது. முப்பது எழுத்துகளுக்கு முப்பது விசைகள்; புள்ளிக்கு ஒன்று. ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் ஷிப்ட் விசையின் துணையால் வரும். உயிர் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்களில் வகரமும் ஙகரமும் ஒழிந்த பதினாறும் வலக்கைப் பக்கம். மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் அழுத்த உயிர்மெய் பிறக்கிறது. 'கெ' என்பதற்குக் ககரமும் எகரமும் அடித்தால் போதும்.

இதனினும் வியப்புக்குரியது இனவெழுத்து முறை. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இணைகளில் மெல்லினத்தை அடுத்து அதன் வல்லினத்தை அழுத்தினால் மெல்லினத்தின்மேல் புள்ளி தானே விழும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினாலும் முன்னதற்குப் புள்ளி அமையும். சில சான்றுகள் வருமாறு:

அம்மா: அ, ம, ம, ஆ (4 விசை)
மஞ்சள்: ம, ஞ, ச, ள, புள்ளி (5 விசை)
தென்றல்: த, எ, ன, ற, ல, புள்ளி (6 விசை)

'மமதை' போன்று புள்ளி வேண்டாத இடங்களில் இடையே அகரத்தை அழுத்துதல் வேண்டும்: ம, அ, ம, த, ஐ. வகுப்பறையில் சூத்திரமாக மட்டும் கற்ற இனவெழுத்து, விரல் நுனியில் வேலை செய்வதை மாணவர் இங்கே காணலாம்.

ஆங்கில எழுத்தால் தமிழை ஒலிபெயர்த்து அடிக்கும் முறையும் உண்டு. அது தொடக்கநிலையினர்க்கு எளிது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் ந-ன-ண, ல-ள-ழ, ர-ற வேறுபாடுகளை ஆங்கிலத்தின் ஓரிரு எழுத்துகளைக் கொண்டே காட்ட நேர்வதால் பிழைகள் பெருகுகின்றன. தமிழ் 99இல் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை உண்டு. அதனால் கை பழகும்போதே எழுத்தறிவும் உறுதிப்படுகிறது.

முடிவுரை

2011இல் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அதற்குமுன் கணினியைக் கண்டிராத இல்லங்களுக்குள்ளும் கணினி நுழைந்தது. எனினும் தமிழ் பயிலும் மாணவர் பலர் தம் ஆய்வேட்டை இன்றும் டி.டி.பி. கடையில் கொடுத்துப் பக்கத்திற்கு இவ்வளவு எனப் பணம் செலுத்துகின்றனர். பிழை திருத்தத்திற்காகப் பன்முறை நடக்கின்றனர். மாலைக்குமேல் வெளியே செல்லவியலாத மாணவியர்க்கு இது பெருந்தடை. வீட்டுக் கணினியில் தாமே எழுதக் கற்றாராயின், தம் எழுத்துக்குத் தாமே உரியவராவர்.

இதற்குப் புதுச் செலவு யாதுமில்லை. விண்டோஸ் 10, 11 இயங்குதளங்களிலேயே தமிழ் 99 அமைந்துள்ளது. விருப்பத்தேர்வில் அதனைச் சேர்த்துக்கொள்ளலே வேண்டுவது. நாள்தோறும் அரைமணி நேரம் பயின்றால் விரல்கள் விரைவில் பழகிவிடும். பெற்றோரும் பெரியோரும் பிள்ளைகளின் கணினி மேசையைக் கண்டு மகிழ்வதோடு அமையாது, "இதில் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் காட்டு" என்று கேட்பாராக. அப்பக்கமே அம்மேசையில் காட்டத்தக்க அணிகலனாகும்.