தொட்டால் மறையும் மின்சாரம்

டில்லிக் குளிரில், ஹீட்டர் எரியும் அறையில் என் பேரன் கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றினான். படபடவென்று சத்தம். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் "ஷாக் அடிக்குது தாத்தா!" என்று கையை உதறினான். எத்தனை வோல்ட் என்று பார்க்க என் மல்டிமீட்டரை எடுத்து வந்தான். மறுபடியும் ஸ்வெட்டரை மாட்டிக் கழற்றி, ஒரு முனையை விரலிலும் மற்றதைக் கைப்பிடியிலும் வைத்தான். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

மீட்டர் கெட்டுவிடவில்லை. நிலைமின்சாரத்தை அதனால் அளக்க முடியாது, அவ்வளவுதான். காரணம் எளிது. நம் உடல் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் அளவுள்ள ஒரு சிறு கண்டென்சர். மீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். இது பெரிய தடைதான். ஆனாலும் அதன் வழியே நம் உடலின் மின்னூட்டம் சில மில்லி விநாடிகளில் வடிந்துவிடும். பாலாடையில் உள்ள பாலை அளக்கப் பஞ்சை நனைத்துப் பார்ப்பது போன்றது இது.

ஆகவே, தொடாமல் அளக்க வேண்டும். 1787-இல் ஆபிரகாம் பென்னட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் செய்த தங்க இலை மின்காட்டி இவ்வகையில் முன்னோடி. அதை வீட்டிலேயே செய்யலாம். ஜாம் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியில் ஒரு செம்புக் கம்பியைச் செருகி, கீழ்முனையில் மெல்லிய அலுமினியத் தாள் துண்டுகள் இரண்டைச் சேர்த்துத் தொங்கவிடுங்கள். கம்பளியில் தேய்த்த சீப்பை மேல்முனைக்கு அருகில் கொண்டு சென்றால் இலைகள் விலகும், அகற்றினால் சேரும்.

தொழிற்சாலைகளில் மின்புல மீட்டர் பயன்படுகிறது. பொருளுக்கு எதிரே, மீட்டரில் குறித்த தூரத்தில் பிடித்தால் வோல்ட் காட்டும். தூரம் மாறினால் அளவு தவறும். மொத்த மின்னூட்டத்தை அறிய, 1843-இல் ஃபாரடே செய்து காட்டிய உலோக வாளி முறை உண்டு. பொருளை வாளிக்குள் இட்டால், அதே அளவு மின்னூட்டம் வாளியின் வெளிப்புறத்தில் தோன்றும். அதை எலெக்ட்ரோமீட்டரால் அளப்பார்கள்.

இதையெல்லாம் ஏன் அறிய வேண்டும்? சுமார் 3,000 வோல்ட்டில்தான் ஷாக் நமக்கு உறைக்கும். அப்போது உடலில் இருக்கும் ஆற்றல் 0.45 மில்லிஜூல். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஏறத்தாழ 0.25 மில்லிஜூலே போதும்! நாம் உணராத பொறியும் தீ மூட்டலாம்.

ரயில்வேயில் பெட்ரோல் டாங்க் வேகன்களை நிரப்பும் இடங்களில் தண்டவாளம், குழாய், மேடை மூன்றையும் இணைத்து எர்த் செய்திருப்போம். அங்கே நாங்கள் சோதித்தது வோல்ட்டை அல்ல; அந்த இணைப்புகளின் ஓம் அளவை. மின்னூட்டம் இறங்க வழி சரியாக இருந்தால் அது சேரவே சேராது.

வீட்டுக்கும் இதே விதிதான். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் வாங்காதீர்கள். அதை எர்த் செய்ய வழியில்லை. உலோக டின்னைத் தரையில் வைத்து, பம்ப்பின் மூக்கு அதன் விளிம்பைத் தொட்டபடி நிரப்பச் சொல்லுங்கள். காரிலிருந்து இறங்கியதும், டாங்க் மூடியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.