கஷாயமும் காய்ச்சலும்

இவ்வட நாட்டுக் குளிர் நம்மை வாட்டத் தொடங்கிவிட்டது. விடுதியில் எந்த அறைக்குச் சென்றாலும் தும்மலும் இருமலுமே வரவேற்கின்றன. ஊரிலிருந்து வரும் பொட்டலங்களில் முறுக்கோடு சுக்கும் திப்பிலியும் வந்து சேருகின்றன. இவற்றின் பயன் யாது, எல்லை யாது என்பதைத் தாவரவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்குக் கூற விரும்புகிறேன்.

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்ததே திரிகடுகம். நல்லாதனார் தம் நீதிநூலுக்கு இப்பெயரையே சூட்டினார். தோல் நீக்கித் தட்டிய சுக்கு ஒரு துண்டு, மிளகு பத்து, திப்பிலி நான்கு ஆகியவற்றை இரண்டு தம்ளர் நீரில் இட்டு, ஒரு தம்ளராகச் சுண்டக் காய்ச்சிப் பனங்கற்கண்டு சேர்த்துப் பருகலாம். இங்குள்ள மளிகைக் கடைகளில் சோண்ட், காலி மிர்ச், பீப்பலி என்று கேட்டால் இம்மூன்றும் கிடைக்கும். தொண்டைக்கு இது மிக இதமானது. ஆயினும், சளியை உண்டாக்கும் வைரஸை இது கொல்வதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரு வாரம் பத்து நாளில் நம் உடலே அதனை வென்றுவிடும். அதுவரை துன்பத்தைத் தணிப்பதே கஷாயத்தின் தொண்டு.

இருமலுக்கு நம் முன்னோர் கண்ட மூலிகை ஆடாதொடை. அதன் இலையில் வாசிசின் என்னும் பொருள் உண்டு. அதன் அமைப்பைப் பின்பற்றி ஆக்கப்பட்டதே புரோம்ஹெக்சின். இன்று மருந்துக் கடைகளில் விற்கும் சளி மருந்துகள் பலவற்றில் அது சேர்ந்திருக்கிறது. பாட்டியின் வேலியோரச் செடிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

நொச்சியிலை இட்டு ஆவி பிடித்தால் மூக்கடைப்புச் சற்று இளகியதுபோல் இருக்கும். கட்டிலின்மேல் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஆவி பிடிப்பது ஆபத்து. மேசைமீது அசையாமல் வைத்துக்கொள்க.

காய்ச்சலின் நிலை வேறு. சளி என்பது பெரும்பாலும் ஒரே வகைத் தொல்லை. காய்ச்சலோ பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. டெங்கு, மலேரியா, டைபாய்டு ஆகிய மூன்றும் முதல் இரண்டு நாளில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். நிலவேம்பு முதலிய ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை, 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மக்களுக்கு வழங்கியது. அதனைப் பருகுவோர் ஒன்றை மறத்தலாகாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் காலமே, அதாவது ஏறக்குறைய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, ஆபத்தான காலம். உடல் குளிர்ந்ததைக் கண்டு, "குடிநீர் வேலை செய்துவிட்டது" என்று மகிழ்ந்து படுத்துவிட்டால் உயிருக்கே கேடு நேரலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் மாத்திரைகளைத் தொடவேண்டா. அவை இரத்தப்போக்கை மிகுவிக்கக்கூடும்.

ஆகவே நண்பர்களே, சளிக்குச் சுக்கு வெந்நீர் பருகுங்கள். அதில் நாணம் வேண்டா. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தத்தைச் சோதித்து நோய் இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். அறைத்தோழர் காய்ச்சலில் கிடந்தால், கஷாயம் கொடுப்பதோடு நில்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தாய் தந்தையர் தொலைவில் இருக்கும் இவ்விடத்தில் நமக்கு நாமே துணை.