கேட்டு எழுதுவோம்: குடும்ப வரலாறும் நினைவுக் குறிப்பும்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் கோட்டை கொத்தளங்களுமே நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டியாரும் ஒரு வரலாறே என்பது பெரும்பாலோர்க்குத் தோன்றுவதில்லை. பிறரைக் குறை கூறுவதாக எண்ண வேண்டா. இப்பிழையை முதலில் செய்தவன் நானே.

இளமுனைவர் பட்ட ஆய்வுக்காகத் தாலாட்டும் ஒப்பாரியும் தேடி, ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக அலைந்த காலம் அது. மாலையில் ஜலகண்டாபுரத்து வீட்டுக்குத் திரும்பினால், தாயைப் பெற்ற எங்கள் நன்னி வாசலில் காத்திருப்பார். "ஏங்கண்ணு, ஊராம் பாட்டையெல்லாம் எழுதறே, நான் சொல்றதை எப்ப எழுதப் போறே?" என்பார். "ஆய்வேடு முடியட்டும் நன்னி" என்பேன். மேட்டூர் அணை நிறைவதற்கு முன் ஊரைக் காலி செய்து வந்த குடும்பம் அவருடையது. "எல்லாத்தையும் வண்டியில ஏத்தினோம். ஆட்டாங்கல்லைத் தூக்க முடியல. அதை அங்கேயே விட்டுட்டு வந்தோம்" என்று ஒருநாள் சொன்னார். அப்போது நான் ஒப்பாரிகளைப் படியெடுத்துக் கொண்டிருந்தேன். ஆய்வேடு முடிந்தது. அதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே நன்னியின் ஆயுளும் முடிந்துவிட்டது. தண்ணீருக்குள் போன அந்த ஊரின் பெயர் என்னவென்று நான் கேட்டு வைக்கவில்லை. இன்று கேட்பதற்கு எவரும் இல்லை.

என் கையில் எஞ்சியிருப்பது அந்த ஆட்டாங்கல் மட்டுமே. அந்த இழப்பு கற்றுத் தந்த பாடத்தையே ஈண்டு மாணவச் செல்வங்களுக்கு எழுத முற்படுகிறேன்.

கேட்டதால் பிறந்த நூல்கள்

தன்வரலாறு என்பது ஒருவர் தம் வாழ்வை முழுமையாகச் சொல்வது. நினைவுக் குறிப்பு என்பது வாழ்வின் ஒரு பகுதியையோ, தாம் கண்ட மனிதரையோ, ஒரு காலத்தையோ சொல்வது. குடும்ப வரலாறு பலர் நினைவுகளை ஒன்றாகத் தொகுப்பது. மாணவர் முதலில் கைவைக்கத் தக்கது நினைவுக் குறிப்பே. சிறியதாயினும் அதனை நிறைவாக எழுதி முடிக்க இயலும்.

தமிழுக்கு இவ்வகை எழுத்து புதியதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் முதுமையின் எல்லையில், 1940ஆம் ஆண்டில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரைத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமலே நின்றது. நம் மண்ணுக்கு உரியவரான நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் மோகனூரில் காவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். முஸ்லிம் பெண்மணி ஒருவரின் வளர்ப்பு அன்பில் திளைத்தவர். அவர் தம் வாழ்வை 'என் கதை' என எழுதினார். சான்றோர்க்கு மட்டுமே உரியது இவ்வெழுத்து என்று எண்ணுவோர்க்கு 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' விடை சொல்லும். ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வாழ்வும் அவ்வூர்ப் பேச்சும் அதில் இலக்கியமாயின.

இவ்வரிசையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் குல்பதன் பேகம். அவர் பாபரின் மகள், ஹுமாயூனின் தங்கை, அக்பருக்கு அத்தை. தம் பாட்டனார் பற்றியும் தந்தையார் பற்றியும் நினைவிலுள்ளவற்றை எழுதித் தருமாறு அக்பர் தம் அத்தையிடம் வேண்டினார். அவ்வாறு பாரசீக மொழியில் எழுந்ததே 'ஹுமாயூன் நாமா'. பாபர் மறைந்தபோது குல்பதன் சிறுமி. ஆகவே தாம் நேரில் கண்டதோடு அந்தப்புரத்து மூத்த பெண்டிர் சொல்லக் கேட்டதையும் அவர் எழுதினார். அரசவை வரலாற்றாசிரியர் காணாத திருமணங்களும் பிரிவுகளும், நோயுற்ற மகனின் படுக்கையைத் தந்தை சுற்றிவந்து தம் உயிரை ஈடாகத் தர வேண்டிய காட்சியும் அதில் உள்ளன. லண்டனில் பாதுகாக்கப்படும் அதன் கையெழுத்துப் படி இடையிலேயே அறுந்து நிற்கிறது. எனினும் அவ்வளவாவது நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம் என்ன? பேரரசராயினும் ஒருவர் தம் அத்தையிடம் கேட்டார் என்பதே.

ஆதலின் குடும்ப வரலாற்றுக்கு எழுதுபவரைக் காட்டிலும் கேட்பவரே முதலில் வேண்டும். எழுதும் திறன் பிறகு வரும். கேட்க வேண்டியவர் பிறகு இருக்கமாட்டார்.

எவ்வாறு கேட்பது?

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் எந்தப் பெரியவரும், "என்னத்தைச் சொல்றது, கஷ்டம்தான்" என்று முடித்துவிடுவார். பொருளைக் காட்டிக் கேட்க வேண்டும். "அந்த வீட்டில் அடுப்பு எந்த மூலையில் இருந்தது? குழித்தறி எங்கே இருந்தது? தார் சுற்றியவர் யார்? கூலி என்றைக்குக் கைக்கு வரும்? முதல் செலவு எதற்கு?" என்று கேளுங்கள். அடுப்பிலிருந்து சமையலும், சமையலிலிருந்து பசியும், பசியிலிருந்து வாழ்வும் தாமே வெளிவரும்.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வது இன்று எளிது. ஆயினும் அவர்தம் இசைவு பெற்றே செய்தல் வேண்டும். பதிவு செய்ததை அன்றிரவே எழுதிவிட வேண்டும். அவர் பேச்சைத் திருத்தி இலக்கணத் தமிழாக்குதல் கூடாது. நன்னி "ஆட்டாங்கல்" என்றார். நான் அதனை "ஆட்டுக்கல்" எனத் திருத்தியிருந்தால் அவர் குரலில் பாதி போயிருக்கும். நம் உரைநடை செந்தமிழாக இருக்கலாம். அவர் கூற்று அவர் தமிழாகவே இருக்கட்டும்.

சொன்னவர் யார்?

நபிமொழிக் கலையில் 'இஸ்நாத்' என்றொரு முறை உண்டு. செய்தியை யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையே அது. செய்தியின் வாசகத்தை 'மத்ன்' என்பர். வரிசையில் வருவோர் ஒருவரையொருவர் சந்தித்திருக்கக் கூடுமா, நினைவாற்றலும் நேர்மையும் உடையவரா என்றெல்லாம் அறிஞர்கள் ஆராய்ந்தனர்.

அந்தக் கடுமை நம் சிறு முயற்சிக்கு வேண்டுவதில்லை. ஆனால் அதன் பாடம் வேண்டும். ஒவ்வொரு செய்தியின் கீழும், "பெரியம்மா சொன்னது, அவர் தம் தாயிடம் கேட்டது" எனக் குறித்துக் கொள்ளுங்கள். நேரில் கண்டதும் செவிவழி வந்ததும் வேறு வேறு. இருவர் இருவிதமாகச் சொன்னால் ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் எழுதுங்கள்.

காலத்தைக் கணிக்கும் முறை

நம் முதியோர் பலர்க்குப் பிறந்த ஆண்டு தெரியாது. ஆனால் அவர்தம் நினைவில் அடையாளக் கற்கள் உண்டு. மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934இல். அணாக் கணக்குப் போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் முதல் நாளில். சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது 1969 ஜனவரியில். இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் காலம் நெருங்கி வரும்.

நம்மவர்க்கு இன்னொரு வழியும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே ரமலான் மாதம் பருவங்கள்தோறும் நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. நோன்பு கோடையில் வந்ததா, அடைமழையில் வந்ததா என்பதே காலத்தைச் சொல்லும்.

என் பெரியம்மாவுக்கும் தம் வயது தெரியாது. "முதல் நோன்பு வைச்சப்ப நல்ல வெயில். அப்பத்தான் புதுக்காசு வந்துச்சு. கடைக்காரர் கணக்குப் போடத் தெரியாமத் தடுமாறினார். எனக்கு ஒம்பது வயசு இருக்கும்" என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். 1957இல் ரமலான் பிறந்ததும் ஏப்ரல் தொடக்கத்திலேயே! வெயிலும் நோன்பும் புதுக்காசும் ஒரே இடத்தில் வந்து பொருந்தின. பெரியம்மா 1948ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று துணியலாயிற்று. அதைச் சொன்னபோது அவர், "இத்தனை நாளா எனக்கே தெரியாததை நீ சொல்லிட்டியே" என்று வியந்தார். "நீங்கள்தாம் பெரியம்மா எனக்குச் சொன்னீர்கள்" என்றேன்.

எழுத்துச் சான்றுகள்

பேச்சுக்குத் துணையாக ஏடுகளையும் தேட வேண்டும். மஹல்லா பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடு, நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பழைய கடிதம், கடைக் கணக்கு நோட்டு யாவும் சான்றுகளே. பழைய பத்திரத்தில் "சேலம் ஜில்லா" என்றிருந்தால் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர். தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் அவையும் சேலமே.

சில இல்லங்களில் அரபுத் தமிழ் ஏடுகள் இருக்கக்கூடும். எழுத்து அரபு, மொழி தமிழ். "ஏதோ ஓதும் கிதாபு" என்று மூட்டை கட்டி வைத்திருப்பதில் ஒரு பாட்டியாரின் மருந்துக் குறிப்போ, பிள்ளைகள் பிறந்த நாளோ இருத்தல் கூடும். படிக்கத் தெரிந்த பெரியோர் உள்ளபோதே அவற்றைக் காட்டிப் படித்துக் கொள்ள வேண்டும்.

எழுதும்போது

"எங்கள் பாட்டனார் சிறந்த உழைப்பாளி, நேர்மையின் உறைவிடம்" என்று எழுதினால் அது எந்தப் பாட்டனாருக்கும் பொருந்தும். "கூலியில் ஒரு ரூபாய் கூடுதலாக வந்துவிட்டதென்று, இருட்டில் இரண்டு கல் தொலைவு நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தார்" என்று எழுதினால் அது ஒருவருக்கே பொருந்தும். புகழுரையைக் குறைத்துச் செயலைச் சொல்லுங்கள்.

பெண்களின் பெயரை விடாதீர். என் குடும்பத்தில் எழுதி வைத்த வமிசப் பட்டியலில் ஐந்து தலைமுறை ஆடவர் பெயர் உள்ளது. பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரின் பெயரை அறிந்திருந்த நன்னியும் அதில் இல்லை.

குடும்பத்தின் கடனையும் பிணக்கையும் எழுதலாமா என்று மாணவர் கேட்பர். வறுமையை மறைக்க வேண்டுவதில்லை, அதில் இழிவில்லை. ஆனால் உயிரோடிருப்பவரைப் புண்படுத்தும் செய்தியாயின், அச்சிடுமுன் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டா என்றால் விட்டுவிடுங்கள். உண்மை வேறு, புறங்கூறல் வேறு.

நிறைவாக

நெசவூரில் பிறந்த நமக்கு ஒன்று தெரியும். பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. ஆண்டும் பெயரும் பாவு. முதியோரின் பேச்சு ஊடை. இரண்டும் கூடினால்தான் குடும்ப வரலாறு.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வெகுவாகத் தாழும் கோடையில், பண்ணவாடியில் மூழ்கிய ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். மக்கள் திரண்டு சென்று பார்ப்பர். நாளேடுகள் படம் வெளியிடும். நானும் பார்க்கப் போவதுண்டு. கரையில் நின்று வெடித்த சேற்று நிலத்தை நெடுநேரம் பார்த்திருப்பேன். கோயிலும் ஆலயமும் தலைகாட்டும். ஆட்டாங்கல் தலைகாட்டாது. அது எந்த ஊரில், எந்த வீட்டில் கிடக்கிறது என்று சொல்லக் கூடியவர் ஒருவரே இருந்தார். அவரிடம் நான் கேட்கவில்லை.

மாணவச் செல்வங்களே, இம்மலரை மூடி வைத்துவிட்டு, இன்று மாலையே உங்கள் வீட்டு மூத்தவர் அருகில் அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் கேள்வியாக, "நீங்கள் பிறந்த ஊரின் பெயர் என்ன?" என்று கேளுங்கள். விடையைத் தேதியிட்டு எழுதி, கீழே சொன்னவர் பெயரையும் எழுதுங்கள்.