உங்கள் வீட்டு டம்ளர் எத்தனை கிராம்?



ஏழு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் கேழ்வரகு மாவு காய்ச்சிக் கொடுக்கும்படி நர்சம்மா சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தராசு இல்லை.

"என்னங்க, 50 கிராமுன்னா எவ்வளவு?"

"இது 200 மில்லி டம்ளர்தானே? கால் டம்ளர் போடு, சரியாப் போச்சு."

சரியாகப் போகவில்லை. கால் டம்ளர் மாவு 50 கிராம் இராது. 25, 30 கிராம்தான் இருக்கும். கஞ்சி என்னவோ கிண்ணம் நிறையத்தான் இருக்கிறது, பிள்ளையும் குடித்துவிட்டுத் தூங்குகிறது. ஆனால் மாதா மாதம் எடை போட்டால் ஏறவில்லை. "என் பால் சரியில்லையோ" என்று தாய் கலங்குகிறாள். குற்றம் பாலில் இல்லை, டம்ளரில் இருக்கிறது.

மில்லி என்பது பாத்திரத்தில் அடைக்கும் இடம். கிராம் என்பது பொருளின் கனம். தண்ணீருக்கு மட்டுந்தான் இரண்டும் ஒன்று. 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்தால் அரிசி சுமார் 170 கிராம். துவரம் பருப்பும் சர்க்கரையும் ஏறக்குறைய அதே அளவு. கேழ்வரகு மாவு சுமார் 110 கிராம்தான்; அதையே தட்டித் தட்டி அமுக்கினால் 20 கிராமுக்கு மேல் கூடிவிடும். தூள் உப்போ 240 கிராம் வரும். பொரி 20 கிராம் தேறினால் அதிகம்!

"எங்க வீட்டுல ஆழாக்கு இருக்கே" என்பீர்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. வாய்க்கணக்கு இதுதான். ஆனால் படியே ஊருக்கு ஊர் சின்னதும் பெரியதுமாக இருந்தது. இந்தக் குழப்பத்துக்காகவே 1956-ல் நாடு முழுவதற்கும் கிலோ, லிட்டர் சட்டம் வந்தது. ஆகவே பாட்டி கொடுத்த ஆழாக்கை விட்டுவிட வேண்டாம், அதற்கு ஒருமுறை எடை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. ரெட்டியார்பாளையமோ மூலக்குளமோ, வாடிக்கையாக வாங்கும் மளிகைக் கடைக்கு டம்ளரைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் வெறும் டம்ளரை நிறுத்துப் பாருங்கள். பிறகு மாவை அமுக்காமல் போட்டு, விரலால் தலைதட்டி நிறுக்கச் சொல்லுங்கள். பின்னதில் முன்னதைக் கழித்தால் மாவின் எடை. இப்படியே அரிசிக்கும் பருப்புக்கும் பார்த்து, அந்தந்த டப்பாவின்மேல் சாக்குக் கட்டியால் எழுதிவிடுங்கள். மாவு 110 என்று வந்தால், 50 கிராமுக்கு அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவு. டம்ளர் எத்தனை மில்லி என்று தெரியாவிட்டால் அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஊற்றிப் பாருங்கள். இரண்டரை டம்ளர் வந்தால் அது 200 மில்லி.

உப்பில் மட்டும் கைக்கணக்கு கூடவே கூடாது. வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 5 மில்லி தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி தூள் உப்பு கரைத்துக் கொடுக்கிறோம். உப்பைக் குவித்து அள்ளினால் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். பச்சைக் குழந்தைக்கு அது ஆபத்து. பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை குழந்தைக்கு எடை போட இருவரும் வரும்போது, அந்த டம்ளரையும் எடுத்து வாருங்கள். நர்சம்மாவிடம் காட்டி, எதுவரை மாவு போடுவது என்று ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம்.