நம் கணக்கு நம் கையில்

ரோடு அகலமாகிறது. புது ரயில் பாதை வருகிறது. மாடிக் கட்டடம் எழும்புகிறது. மாற்றம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பெரிய கம்பெனியில் மாற்றம் வந்தால் ஓர் ஆலோசகரை அழைப்பார்கள். எப்படி மாறுவது என்று அவர் வழி சொல்வார். அதற்குப் பணம் வாங்குவார். குடிசையில் வாழ்பவருக்கு யார் வழி சொல்வார்?

மும்பையில் ஒருவர் சொன்னார். அவர் பெயர் ஜோக்கின் அற்புதம். தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1960-களில் பிழைப்புத் தேடி மும்பை வந்தார். தச்சு வேலை செய்தார். செம்பூரை அடுத்த மான்குர்தில் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் தங்கினார்.

அங்கே குப்பையை அள்ள யாரும் வரவில்லை. அற்புதம் பிள்ளைகளைக் கூட்டினார். ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பை கட்டினார்கள். மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள்!

பிறகு பெரிய துன்பம் வந்தது. காலனி இருந்த நிலம் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு வேண்டும் என்றார்கள். மக்கள் போராடினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். ஆனாலும் 1976-இல் காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் வீடு இழந்தார்கள். பக்கத்தில் சீத்தா கேம்ப் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

அற்புதம் ஒரு பாடம் கற்றார். "இடிக்காதே" என்று சொன்னால் மட்டும் போதாது. "இப்படிச் செய்யலாம்" என்றும் நாம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல நம்மிடம் கணக்கு வேண்டும்.

அவர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். 1980-களில் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும், மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பும் அதோடு கைகோத்தன.

அவர்கள் என்ன செய்தார்கள்?

முதலில், எண்ணினார்கள். எத்தனை வீடு? எத்தனை பேர்? என்ன தொழில்? மக்களே வீடு வீடாகப் போய் எழுதினார்கள். 1986-இல் தாராவியிலும் இப்படி எண்ணினார்கள்.

அடுத்து, சேமித்தார்கள். பெண்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் கணக்கு வைத்தது எப்படி? ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறக் காகிதம். அதைப் பையில் போட்டு வைத்தார்கள்.

பிறகு, வீட்டைத் திட்டமிட்டார்கள். வரைபடம் பார்த்துப் புரிந்துகொள்வது கடினம். ஆகவே கட்டையும் துணியும் கொண்டு முழு அளவில் மாதிரி வீடு கட்டினார்கள். உள்ளே நடந்து பார்த்தார்கள். அடுப்பு எங்கே, பரண் எங்கே என்று பெண்களே முடிவு செய்தார்கள்.

இந்த உழைப்பு பலன் தந்தது. 2000, 2001 ஆண்டுகளில் மும்பை ரயில் பாதை ஓரம் வாழ்ந்த 60,000-க்கும் மேற்பட்டோர் வேறு இடத்தில் குடியேறினார்கள். பக்கத்து வீட்டார் சங்கமாகச் சேர்ந்தார்கள். சேர்ந்தே போனார்கள். புது இடத்திலும் கஷ்டம் இருந்தது. பலருக்கு வேலை தூரமானது. ஆனால் அவர்கள் தெருவில் நிற்கவில்லை.

அற்புதத்துக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. 2011-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தென்னாப்பிரிக்கா வரை போய்க் குடிசை மக்களைச் சந்தித்தார். 2018-இல் காலமானார்.

2024-இல் தாராவியில் மறுபடியும் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். இந்த முறை அங்கே புதுக் கட்டடம் கட்டுவதற்காக. நாளை உங்கள் வீட்டுக்கும் கணக்கெடுப்பவர் வரலாம். தாளில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். பெயர் சரியா? ஆள் எண்ணிக்கை சரியா? படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் படிக்கக் கற்றது இதற்கும்தான்.

யோசிப்போம்

1. ஜனதா காலனி ஏன் இடிக்கப்பட்டது?
2. எழுதத் தெரியாத பெண்கள் சேமிப்புக் கணக்கை எப்படி வைத்தார்கள்?
3. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து குடிபெயர்ந்தால் என்ன நன்மை?

செய்வோம்

உங்கள் தெருவில் எத்தனை வீடு? எத்தனை பேர்? எத்தனை குழாய்? நாலு பேர் சேர்ந்து எண்ணுங்கள். நோட்டில் எழுதுங்கள்.