ஓடையில் எத்தனை மீன்? எக்ஸெல் கணக்கு

அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் குஞ்சுகள் ஓராண்டுக்கு மேல் வளர்ந்த பின்பே கடலுக்குச் செல்கின்றன. ஓடை எத்தனை குஞ்சுகளைத் தாங்கும் என்றறிய, மடுக்களின் பரப்பைச் சதுர மீட்டருக்கு இத்தனை குஞ்சு என்ற வீதத்தால் பெருக்குவார்கள். ஒரு குழு மட்டும் அடியில் அளந்திருந்து, அதை மீட்டர் என எடுத்துக்கொண்டால் அந்தப் பரப்பு 10.76 மடங்கு வீங்கிவிடும். இல்லாத தண்ணீருக்கு மீன் கணக்கு எழுதுவோம்!

நான் செய்வது இதுதான். ஷீட்டுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, காலி செல்லில் 0.3048 என டைப் செய்து காப்பி செய்திடுங்கள். அடியில் உள்ள நீள, அகலங்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் மல்டிப்ளை கொடுங்கள். மீட்டராகிவிடும்.

மீன் எண்ணப்படாத மடுவுக்கு 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். ஆவரேஜ் பங்ஷன் காலி செல்லைத் தவிர்க்கும். 0-வைச் சேர்த்துக்கொண்டு சராசரியைக் குறைத்துவிடும்.