விதையிலிருந்து கறிவேப்பிலை

தேக்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்தைத் தொட்டியில் நட்டால் பெரும்பாலும் வேர் பிடிக்காது. பழுத்த பழத்தின் விதைதான் நம்பகமான வழி.

முதலில் செடியை அடையாளம் பாருங்கள். சிங்கப்பூரில் வேலியாக வளர்க்கும் கெமுனிங் இதற்கு உறவுச்செடி, ஏமாற்றிவிடும். அதன் இலைக்காம்பில் பெரும்பாலும் 3 முதல் 7 சிற்றிலைகள், பழம் சிவப்பு. கறிவேப்பிலையில் வழக்கமாக 11 அல்லது அதற்கும் மேல், பழுத்தால் கறுப்பு. சந்தேகமா? இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். பூங்காவில் பறிக்காதீர்கள், அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

விதை காய்ந்தால் முளைக்கும் திறன் போய்விடும். அதனால் பறித்த ஓரிரு நாளில் சதையைக் கழுவி நீக்கி, நீர் வடியும் மண்ணில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். இங்குள்ள வெப்பமே போதும். 3 வாரம் வாக்கில் முளைவிடும். முதலாண்டு மெதுவாகத்தான் வளரும், அவசரப்பட்டு இலை கிள்ள வேண்டாம்.

வீவக வீட்டில் நல்ல வெயில் விழும் சன்னலோரம் இதற்கு ஏற்றது. தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும். இலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். மருந்தடிக்காமல் எலுமிச்சைச் செடிக்கு மாற்றிவிடுங்கள்.